லாட்ஜு செவுத்துல ஒரு கடலு

ஆயிடுச்சா சார்? அவ்ளோதானா? ஏறுங்க ஏறுங்க, மணலோடவே ஏறுங்க, நான் அப்பறமா பெருக்கிக்கிறேன். காலையில ஆறு மணிலேருந்து குந்தி எழுந்து, படுத்துப் பொரண்டு அந்தக் கடலப் படம் புடிச்சீங்களே, என்னா கெடச்சிது? சிரிக்கிறீங்க. எனக்குத் தெரியும் சார். சில்வர் பீச்சுன்னு பேரு வெச்சவன் யாருன்னு தெரிஞ்சா நானே ஒரு மால வாங்கிக்கினு போயி அவன் கழுத்துல போடுவேன். வெள்ளியாம் வெள்ளி. வறுத்த ரவ மாதிரி மணலு, அதுல பாதி சோளக்கருது சக்க, மீதி பேப்பர் கப்பு. தண்ணி வருது, போவுது. வருது, போவுது. இதுக்கு மெட்ராஸ்லேருந்து ஒரு ஆளு, அவ்ளோ பெரிய பையத் தூக்கிக்கினு!

நேத்து சிதம்பரம் டேசன்ல உங்கள ஏத்திக்கினு வரும்போதே சொன்னனா இல்லியா? இந்தப் பழனிவேலு சொல்றத யாரு கேக்குறா. நம்ம லாட்ஜுல, ரிசப்ஷனுக்குப் பின்னால செவுத்துல நாலு படம் மாட்டியிருக்குல்ல, சிதம்பரம் கோபுரம், வடலூர் சபை, பிச்சாவரம், இந்த சில்வர் பீச்சு. அத மாத்தாம அப்பிடியே வுட்டுட்டா யாருக்கு என்னா நஷ்டம்? எட்டு வருஷமா மாட்டியிருக்கு. ஒரு கெஸ்ட்டாவது, என்னாப்பா இந்தப் படம் நல்லால்லியேன்னு கேட்டிருப்பானா? அவன் வருவான், சாவி வாங்குவான், ஏசி ஓடுதான்னு கேப்பான், சுடுதண்ணி எத்தினி மணிக்குன்னு கேப்பான். படத்தையா பாக்கப் போறான்?

எல்லாம் செந்தமிழ்செல்வன் சாரு பண்ற வேல. மொதலாளி ராமாமிர்தம் அய்யா இருந்து பாத்த வரைக்கும் லாட்ஜு லாட்ஜா இருந்திச்சி. அவுரு முட்டி வலின்னு வூட்டோட குந்திட்டாரு, அவுரு புள்ள இவுரு பெங்களூர்லேருந்து வந்து எறங்கிட்டாரு. இனிமே லாட்ஜுன்னு சொல்லக்கூடாதாம், ரெசிடென்சின்னு சொல்லணுமாம். மூணாவது மாடியில குழாயத் தொறந்தா காத்து வருது, அதுக்கு ஆளக் காணும், பேர மாத்தியாச்சி. எனக்கு ஒரு தொப்பி குடுத்திருக்காரு, தோ டேஷ்போர்டுல கெடக்கு பாருங்க. நாப்பத்தெட்டு வயசுல தொப்பி. அதப் போட்டுக்கினு நான் வணக்கம் சொன்னா பேண்டு செட்டுக்காரன்னு நெனச்சிக்குவாங்க.

அந்தப் பேப்பரக் காட்டுங்க. ஆங், இதுதான். நெட்டுல எடுத்த லிஸ்ட்டு. கடலோர விடுமுறை, பார்க்க வேண்டிய பத்து அழகிய இடங்கள். வர்ற கெஸ்ட்டெல்லாம் இதே பேப்பரத்தான் தூக்கிக்கினு வர்றான். எழுதுனவன் வந்து பாத்தானான்னு தெரியாது. அஞ்சாவது என்னா போட்டிருக்கு? வடலூரு. வடலூர்ல எங்க சார் கடலு இருக்குது? போன தையில ஒரு குடும்பம், கோயமுத்தூரு, சபையாண்ட எறங்குனதும் அந்தம்மா கேக்குது, பீச்சுக்கு எந்தப் பக்கம் போவணும்னு. அதுவாவது பரவால்ல. அவுங்க வூட்டுக்காரரு உள்ள போயி, திரையக் கொஞ்சம் வெலக்கிக் காட்டச் சொல்லுப்பா, ஏதாவது பாத்துப் பண்ணிக்கலாம்ங்கறாரு. தைப்பூசத்தன்னைக்கி ஏழு திரைய வெலக்கி ஜோதி காட்டுறதுக்கு லட்சம் சனம் வெயில்ல நிக்கிது, இவுருக்கு மட்டும் தனியா காட்டணுமாம். அங்க சோறு போடுறாங்களே, அதையும் வாங்கித் தின்னுட்டு உப்பு கம்மின்னாரு.

ஏழாவது கோட்டை. அதோ, தேவனாம்பட்டினத்துல இப்பதான தாண்டி வந்தோம், பாத்தீங்களா? பாக்கல. அதான் கோட்டை. நாலு செவுரு, மேல ஒரு ஆட்டுக்குட்டி. வெள்ளக்காரன் எந்தக் காலத்துலயோ கட்டுனானாம், அத இன்னொருத்தன் இடிச்சானாம். ஒரு புரொபசரு வந்தாரு, அந்த செவுத்தத் தடவித் தடவி அழுவாத கொறதான். அவுரு சம்சாரம் வண்டிய வுட்டே எறங்கல. அந்தம்மாதான் சார் புத்திசாலி.

இல்ல, நான் தெரியாமதான் கேக்குறேன். சனங்க கடலுக்கு வந்து என்னா பண்றாங்க? நீங்களே பாத்தீங்கல்ல காலையில. தண்ணிக்கி முதுகக் காட்டிக்கினு நிக்கிறான், செல்ல நீட்டுறான், பல்லக் காட்டுறான், போறான். கடலுக்கு மொகத்தக் காட்டி நின்னவன் எத்தினி பேரு சொல்லுங்க? செருப்போடவே உள்ள எறங்குறான். அலை செருப்ப இழுத்துக்கினு போனா ஐயோ அம்மான்னு கத்துறான்.

அந்த விஷயத்துல நம்ம பழைய படம் எவ்ளோவோ மேலு. நீங்க நேத்து பாத்தீங்களே, அதுல என்னா இருக்கு? பெருசா ஒண்ணுமில்லதான். கடலு. ஒரே ஒரு பொம்பள. குனிஞ்சி ரெண்டு கையால தண்ணிய அள்ளித் தலையில தெளிச்சிக்குது, நிமுந்து சிரிக்குது. அவ்ளோதான். இத எடுத்தே ஆவணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு உங்க செந்தமிழ்செல்வன் சாரு. ஏன்னு உங்ககிட்ட சொன்னாரா? திதி குடுக்குற மாதிரி இருக்காம்! லாட்ஜுக்குள்ள நொழைஞ்சதும் கருமாதி ஞாபகம் வருதாம்! ரிசப்ஷன்ல இருக்குதே ஸ்ரீமதி, அந்தப் பொண்ணும் ஆமாஞ்சார்ங்குது. சம்பளம் குடுக்குறவரு சொன்னா அந்தப் பொண்ணு கோபுரத்தையே மூங்கில்னு சொல்லும்.

யாராவது சிரிச்சிக்கினே திதி குடுப்பாங்களா சார்? கூட அய்யரு இருக்காரா? எள்ளு இருக்கா, தர்ப்பை இருக்கா? பாத்தா தெரியாது? அது சாமி கும்புடுறது. அந்தப் பொம்பளைக்கி ஊரு மங்கலம்பேட்டை பக்கம். விருத்தாசலத்துக்கும் அந்தாண்ட. முந்திரியும் கம்பும் வெளையிற ஊரு, கடலு எங்கேருந்து வரும்? மாசி மகத்துக்கு சாமிய வண்டியில ஏத்திக்கினு நீங்க காலையில நின்ன இதே தேவனாம்பட்டினம் கடலுக்கு வருவாங்க பாருங்க, தீர்த்தவாரிக்கி, அன்னைக்கிக் கூட வந்தாத்தான் அவுங்களுக்குக் கடலு. அதனால கடலப் பாத்தா கையி தானா அள்ளும், தலையில தெளிச்சிக்கும், மூணு தடவ. படத்துல எடது மூலையில பாருங்க, மணல் மேட்டுல ஒரு சோடி செருப்பு கெடக்கும். கோயில் வாசல்ல வுடுற மாதிரி சேத்து வரிசையா வுட்டிருக்கும். தண்ணி எங்க, செருப்பு எங்க? அவ்ளோ தூரம் சுடு மணல்ல வெறுங்கால்ல நடந்திருக்கு. இது பெங்களூர்ல படிச்சவருக்கு எப்பிடித் தெரியும்? கருமாதியாம்.

வுடுங்க. எனக்கென்னா. நான் வண்டி ஓட்டுறவன்.

டீ சாப்புடலாமா? புதுச்சத்திரம் வந்துட்டுது. வேணாமா? செரி, வுடுங்க, வெளக்கெண்ண மாதிரிதான் இருக்கும். இப்பிடிப் பாத்துக்கினே வாங்க, ரெண்டு பக்கமும். எப்பிடி நிக்கிது பாருங்க மரமெல்லாம், தலையில்லாம. தானே புயலு அடிச்சி ரெண்டு மாசம் ஆவுது. நீங்க மெட்ராஸ்ல டிவியில பாத்திருப்பீங்க. நாங்க எங்க பாக்குறது, கரண்டே பதினெட்டு நாளு கழிச்சிதான் வந்திச்சி. அம்மாப்பேட்டையில எங்க வூட்டுக் கூரை, ஆஸ்பெட்டாஸ் சீட்டு, மொத்தமா பறந்து போயி எதுத்த வூட்டு மாட்டுக்கொட்டாயில வுழுந்திச்சி. டிவி போச்சி, பீரோ போச்சி. பீரோவுல இருந்த கல்யாண ஆல்பம் ஊறிப்போயி, பிரிச்சா ஒரு படத்தோட ஒரு படம் ஒட்டிக்கினு தோலா உரியிது. வெயில்ல காய வெச்சேன். காஞ்சதும் வெறும் வெள்ளப் பேப்பரு. அதுல என் மாமனாரு வேட்டி மட்டும் தெரியிது. எல்லாம் வுட்டுட்டு வேட்டி.

இப்பவும் தார்ப்பாய்தான் கட்டியிருக்கேன். நல்ல செவுருன்னா லாட்ஜு செவுருதான் சார், அதச் சொல்லணும். அய்யா கட்டுனது. அவ்ளோ மழையிலயும் ஹால்ல ஒரு சொட்டு எறங்கல. வூட்ட அப்பிடியே போட்டுட்டு மறுநா காலையில நான் மொதல்ல ஓடிப் பாத்தது லாட்ஜு செவுத்தத்தான்.

ஏன்னா, ஏதோ. வேல செய்யிற எடம் இல்லியா.

பிச்சாவரமா? போறோம் சார், சிதம்பரம் போயி கிள்ளை ரோட்டப் புடிச்சா முக்கா அவரு. அதுலயும் ஒண்ணும் கெடைக்கப் போறதில்ல, இப்பவே சொல்லிட்டேன். உலகத்துலயே ரெண்டாவது பெரிய அலையாத்திக் காடாம். ரெண்டாவதுன்னு யாரு அளந்து பாத்தான்? ஒண்ணாவது எதுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. மரம், தண்ணி. தண்ணி, மரம். சுரபுன்னையாம், ஒவ்வொரு மரத்துக்கும் காலு நூறு காலு, தண்ணியில ஊனிக்கினு நிக்கிது. படகுக்காரன் துடுப்புப் போட்டுக்கினே எந்தெந்த நடிகரு எந்தெந்த மரத்துல சாஞ்சாருன்னு சொல்லிக்கினு வருவான். அவன் சொல்ற கணக்குக்கு நம்ம சினிமா மொத்தமும் அந்தக் காட்டுலதான் எடுத்திருக்கணும். உள்ள போவப் போவ வாய்க்கா சின்னதாயிடும், ரெண்டு பக்கத்து மரமும் மேல வந்து சேந்துக்கும், குகை மாதிரி, வெயிலே எறங்காது, தண்ணி பச்சையா இருக்கும். கொக்கு ஒரு கால்ல நிக்கும். துடுப்ப நிறுத்திட்டா ஒரு சத்தமும் இருக்காது, நண்டு மரமேறுறது கூடக் கேக்கும். அவ்ளோதான். இதுக்கு ஒண்ணார அவரு கியூவுல நிக்கிறான். அங்க போயி சிப்ஸப் பிரிச்சித் தின்னுட்டு பாக்கெட்ட தண்ணியில போட்டுட்டு வர்றான். எறங்குனதும் கேட்டுப் பாருங்க, எப்பிடி இருந்திச்சின்னு. கொசு ஜாஸ்திம்பான்.

ஒண்ணுமில்ல சார். எங்கயும் ஒண்ணுமில்ல. பதிமூணு வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுறேன், மூவாயிரம் தடவையாவது போயிருப்பேன். நான் சொல்றேன், ஒண்ணுமில்ல.

தோ, வந்துட்டுது. அந்தாண்ட தெரியிது பாருங்க, அதான் படகுத்துறை. இந்த வேப்ப மரத்தடியில போட்டுக்குறேன், நெழலு. பைய எடுங்க.

என்னா கேட்டீங்க?

படத்துல இருக்குற பொம்பளைக்கி மங்கலம்பேட்டைன்னு எப்பிடித் தெரியும்னா? நான் சொன்னனா அப்பிடி? சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேன். வாய் ஓடிக்கினே இருந்தா இப்பிடித்தான்.

எம் பொண்டாட்டி சார் அது. கொளஞ்சி. மூணு வருஷம் ஆவுது, மஞ்ச காமாலையில பூட்டா.

அட, உக்காருங்க, எதுக்கு எழுந்துக்குறீங்க? இதுல பெருசா என்னா இருக்கு. லாட்ஜுல யாருக்கும் தெரியாது. அய்யாவுக்குத் தெரிஞ்சா அப்பவே சீட்டக் கிழிச்சிருப்பாரு. லாட்ஜு வண்டியில டிரைவரு தன் வூட்டாளுங்கள ஏத்தக் கூடாது, வூட்டாளுங்க ஹால்ல கால் வெக்கக் கூடாது, அவுரு சட்டம். எனக்கு முந்தி இருந்த டிரைவரு மச்சான வடலூர் வரைக்கும் ஏத்திக்கினு போனான்னு வேலையே போச்சி.

இவ கேட்டுக்கினே இருப்பா. என்னா மாமா, தெனைக்கும் ஊரான் வூட்டுப் பொம்பளைங்களுக்குக் காட்டுற கடல எனக்கு ஒரு தடவ காட்ட மாட்டியா? நான் என்னா சொல்லுவேன்? இப்ப உங்ககிட்ட காலையிலேருந்து பேசுனேனே, அதே பேச்சுதான். அங்க என்னாடி இருக்கு, மணலு, தண்ணி, வருது, போவுது. எத்தினி வருஷம் இதையே சொன்னேன். அப்பறம் ரெண்டாயிரத்தி நாலு, பழைய லாட்ஜ இடிச்சிட்டு அய்யா புதுசாக் கட்டித் தொறந்த வருஷம். படம் புடிக்கறதுக்கு அய்யா கடலூர்ல ஆரோக்கியராஜ்னு ஒரு ஸ்டூடியோகாரர ஏற்பாடு பண்ணிட்டு, அவுருக்கு அட்வான்ஸு குடுத்துட்டு வான்னு என்னய அனுப்புனாரு. வண்டி காலி. செரி வா, தொலைன்னு ஏத்திக்கினேன். வழியெல்லாம் சீட்டு அழுக்காயிடும்னு காலத் தூக்கி மடக்கி வெச்சிக்கினே வந்தா.

பீச்சுல பாத்தா ஆரோக்கியராஜ் சாரு முன்னாடியே டிவிஎஸ் பிப்டில வந்து கேமராவ மாட்டிக்கினு நிக்கிறாரு. அவுரு பாத்து அய்யாகிட்ட ஒரு வார்த்த சொன்னா போச்சி. இவகிட்ட சொன்னேன், நீ யாரோ நான் யாரோ, போயி அஞ்சி நிமிஷம் பாத்துட்டு வா, நான் வண்டியாண்ட நிக்கிறேன்னு. டிரைவருன்னா வண்டியாண்டதான நிக்கணும். மேட்டுல வண்டி, கீழ கடலு. எனக்கு அவ முதுகுதான் தெரியிது. குனியிறா, நிமுர்றா. அந்தாளு தண்ணியில எறங்கி நின்னு எதுத்தாப்புல புடிச்சிக்கினு இருக்காரு, யாரோ டூரிஸ்ட்டு அம்மான்னு. வந்து வண்டியில ஏறுனா, பொடவையெல்லாம் ஈரம். கையில கொண்டாந்த தண்ணிய என் தலையில தெளிச்சா. வண்டி மேலயும் தெளிச்சா. சீட்ட நனைக்காதடின்னு கத்துனேன்.

படம் மாட்டுனதும் கேட்டா, நான் எப்பிடி மாமா இருக்கேன்னு. உன்னிய யாரு பாக்குறா, கடலுதான் தெரியிதுன்னேன். அவ அந்தப் படத்தப் பாத்ததே இல்ல சார். ஹால்லதான் வரக்கூடாதே.

அவ கடலப் பாத்து சிரிச்சத நானும் பாக்கல. முதுகுப் பக்கம் நின்னா என்னா தெரியும்? வண்டி சாவி அந்தப் படத்துக்குக் கீழ இருக்குற ஆணியிலதான் மாட்டியிருக்கும். காலையில சாவி எடுக்கும்போதுதான் பாப்பேன். அப்பிடி என்கிட்ட ஒரு நாளும் சிரிச்சதில்ல. நான் சிரிக்க வெச்சாத்தான.

ஆரோக்கியராஜ்கிட்ட நெகட்டிவா? அவுரும் இல்ல, ஸ்டூடியோ இப்ப செல்போன் ரீசார்ஜு கடை. ஓட்டர் ஐடியில அவ படம் ஒண்ணு இருக்கு, அதுல வேற யாரோ பொம்பள மாதிரி இருக்கா. செவுத்துப் படத்த செல்லுலயும் எடுத்துப் பாத்தேன் சார், கண்ணாடியில அடிச்சி என் மூஞ்சிதான் வுழுது, அவ மேலயே.

நீங்க எடுத்துத் தர்றீங்களா? கண்ணாடியக் கழட்டிட்டு? தாங்க சார். ரொம்ப பெரிய மனசு. ஆனா செவுத்துல இருக்குறத மட்டும் எடுக்க வுட்டுடாதீங்க. என் வூட்டுல எங்க மாட்டுவேன், தார்ப்பாய்லயா? சில்வர் பீச்சு சரியா வரல, வெளிச்சம் பத்தல, பழசே நல்லாருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா செந்தமிழ்செல்வன் சாரு கேட்டுக்குவாரு. மெட்ராஸ்காரரு சொன்னா கேப்பாரு. எம் பொண்டாட்டின்னு மட்டும் சொல்லிடாதீங்க. பாவம்னு கழட்டி என் கையில குடுத்துடுவாரு.

போங்க சார், படகு ரெடியா இருக்குன்னு கூப்புடுறான் பாருங்க.

நானா? நான் எதுக்கு? இல்ல இல்ல, நீங்க போங்க. டிரைவரு வண்டியாண்டதான் நிக்கணும். நான் ஒரு நாளும் உள்ள போனதில்ல சார். மூவாயிரம் தடவ வந்திருக்கேன், இந்த வேப்ப மரத்தத் தாண்டுனதில்ல. குகை மாதிரி இருக்கும், நண்டு ஏறுறது கேக்கும்னு சொன்னதெல்லாம் திரும்பி வர்ற கெஸ்ட்டுங்க வண்டியில பேசிக்கினு வர்றதுதான். சாவுறதுக்கு முந்துன மாசம் கூடக் கேட்டா, இதையாவது ஒரு தடவ காட்டேன் மாமான்னு.

போயி நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க சார், உள்ள என்னா இருக்குன்னு. ஒண்ணுமில்லன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.